மூலமும் உரையும் உரிமமும்

'மூலமும் உரையும்' என்று முகப்பில் போட்டு நூல் வெளியிடுவது நமக்குப் பழகிப்போன சங்கதி. மூலம் ஒருவருடையது, உரை இன்னொருவருடையது. அந்த உரையை மறுத்து மூன்றாமவர் ஒருவர் வருவார். இளம்பூரணரை நச்சினார்க்கினியர் மறுத்தார். அதற்காக அவர் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. (இந்த மரபு எல்லோருக்கும் திறந்து கிடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஏட்டைத் தொடுவதற்கான உரிமம் பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்த சமூகம் இது. அந்தப் பெருமிதம் நமக்கு வேண்டாம்.) கணினி உலகத்தில் மனிதர்கள் எழுதுகிற நிரலை 'மூலநிரல்' என்கிறோம். அதற்கும் ஒருவர் உரை எழுதினார். அந்த உரையை வைத்து வகுப்பு நடத்தக் கூடாது என்று ஓர் உரிமப் பத்திரம் தடுத்தது. கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்று இன்று பேசப்படுவதையும் அதையொட்டி நடக்கிற உரிமச் சண்டைகளையும் இந்த இடத்திலிருந்துதான் வாசிக்க விரும்புகிறேன். பொறியியல்காரர்களின் உள்வீட்டுத் தகராறாக அல்ல. ஒரு பிரதியை யார் படிக்கலாம், யார் திருத்தி எழுதலாம், யார் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியாக.

உரைகாரரின் பெயர் ஜான் லயன்ஸ். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். கணினியின் நினைவகம், கோப்பு, திரை எல்லாவற்றையும் நிர்வகிக்கிற அடிப்படை நிரல்தொகுதிக்கு இயங்குதளம் என்று பெயர். அப்படியான ஒன்றுதான் யூனிக்ஸ். 1975இல் வந்த அதன் ஆறாம் பதிப்பை மாணவர்களோடு வரிவரியாக வாசிப்பதற்காக லயன்ஸ் 1976-77இல் இரண்டு தனித் தொகுதிகளைத் தயாரித்தார். ஒன்றில் மூலம்: சுமார் 9,000 வரிகள், வரி எண்களோடு. மற்றொன்றில் உரை: இந்த வரி என்ன செய்கிறது, ஏன் இங்கே வருகிறது, எங்கே சொதப்புகிறது என்று. பதவுரையும் பொழிப்புரையும் படித்து வளர்ந்த நமக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும்.

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டியின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1956இல் அரசோடு செய்துகொண்ட சமரசத் தீர்ப்பின்படி தொலைபேசிக்கு வெளியே வணிகம் செய்யக் கம்பெனிக்குத் தடை. ஆகவே விற்க முடியாத சரக்கை, மூலநிரலோடு, சொற்ப விலைக்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். இதைப் 'பகிர்தலின் பொற்காலம்' என்று வர்ணித்து எழுதுகிறவர்கள் உண்டு. பொற்காலமுமில்லை, பித்தளைக் காலமுமில்லை. கம்பெனியின் கையைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது, அவ்வளவுதான். 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பறைப் பாடமாக வைக்க உரிமம் இடம் கொடுக்கவில்லை. 1984இல் தொலைபேசி ஏகபோகம் உடைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கணினிச் சந்தை கம்பெனிக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு யூனிக்ஸ் முழு வணிகச் சரக்கு.

லயன்ஸின் உரை என்ன ஆயிற்று? ஜெராக்ஸ் ஆயிற்று. ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதன் ஜெராக்ஸ் என்று எழுத்து மங்கி மங்கி உலகம் பூராவும் கணினித் துறை மாணவர்களின் கையில் சுற்றியது. சட்டப்படி அது அச்சேறியது 1996இல். லயன்ஸ் 1998இல் இறந்துபோனார். ஒரு தலைமுறை இயங்குதளம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டதில், வைத்திருக்கவே கூடாத ஒரு காகிதக் கட்டுக்குப் பெரிய பங்குண்டு. கிடைக்காத புத்தகங்களை ஜெராக்ஸ் கட்டுகளாகவே படித்துப் பழகிய சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யூனிக்ஸ் எழுதத் தொடங்கிய அதே 1969இல்தான் பாரிஸில் ஃபூக்கோ, ஆசிரியன் என்பது ஒரு நபரல்ல, பிரதிகள் சமூகத்தில் எப்படிச் சுற்ற வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிற ஒரு செயற்பாடு என்று பேசினார். தற்செயல்தான், இதில் ரொம்ப வாசிக்க வேண்டாம். ஆனால் பார்த், ஃபூக்கோ பெயர்களைச் சொல்லி 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று நாம் பக்கம் பக்கமாக எழுதினோமே, அப்போது ஒரு பத்திரத்தை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை: உரிமப் பத்திரம். அங்கே ஆசிரியன் சாகவில்லை. கம்பெனி உடம்பெடுத்துச் சௌக்கியமாக இருந்தான். எழுதிய கை யாருடையது என்பது அங்கே பொருட்டேயில்லை. சம்பளம் கொடுத்தவரே ஆசிரியர்.

அந்த ஆசிரியனிடமிருந்து விடுபட்ட கதைகளில் எனக்கு ஆகப்பிடித்தது பெர்க்லியின் கதை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூனிக்ஸை எடுத்து வளர்த்துக்கொண்டிருந்த ஒரு சிறு ஆய்வுக் குழு இருந்தது. அவர்கள் வெளியிட்டதற்கு பிஎஸ்டி என்று பெயர். இன்றைய இணையம் பேசுகிற டிசிபி/ஐபி நெறிமுறைகளை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்து பரப்பியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு. ஆனால் பெர்க்லியின் டேப்பை வாங்க வேண்டுமென்றால் முதலில் ஏடி அண்ட் டியிடம் மூலநிரல் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். இவர்கள் எழுதியதும் கம்பெனி எழுதியதும் ஒரே டேப்பில் கலந்து கிடந்தன. ஆகவே கம்பெனியின் உரிமம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. 1989 ஜூனில், முற்றிலும் தாங்களே எழுதிய வலைப்பின்னல் பகுதிகளை மட்டும் தனியாகப் பிரித்து வெளியிட்டார்கள். விலை 1,000 டாலர். வாங்கியவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பெர்க்லியின் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது.

மீதியையும் இப்படி விடுவித்தால் என்ன என்று கேட்டவர் அந்தக் குழுவிலிருந்த கீத் பாஸ்டிக். நூற்றுக்கணக்கான சிறு நிரல்களையும் சி மொழியின் நூலகத்தையும் புதிதாக எழுதியாக வேண்டுமே என்று சகாக்கள் சொன்னார்கள். அதோடு ஆள் அடங்கிவிடுவார் என்று நினைத்தார்கள் போலும். அவர் அடங்கவில்லை. கணினி வலைப்பின்னல் வழியாகவும் யூனிக்ஸ்காரர்களின் கூட்டங்களிலும் ஆள் சேர்த்தார். நிபந்தனை ஒன்று: கம்பெனியின் மூலநிரலைப் பார்த்து எழுதக் கூடாது. ஒவ்வொரு நிரலும் என்ன செய்கிறது என்று வெளியிடப்பட்டிருக்கிற விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். கூலி? எழுதிய நிரலுக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர். சுமார் 18 மாதங்களில் அநேகமாக எல்லாம் வந்து சேர்ந்தன.

இலக்கிய மாணவனாக இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. வளையாபதி தொலைந்துபோனது. உரைகளிலும் திரட்டு நூலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகப்பட்ட பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பெர்க்லியில் நடந்தது இதன் தலைகீழ். அங்கே பிரதி தொலையவில்லை, பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைக்காமல், உள்ளே இருக்கும் பிரதி என்ன காரியம் செய்கிறது என்ற விவரிப்பை மட்டும் கொண்டு, அதே காரியத்தைச் செய்கிற வேறு வாக்கியங்களை எழுதினார்கள். இது மொழிபெயர்ப்பல்ல, தழுவலல்ல, திருட்டு அறவே அல்ல. பதிப்புரிமைச் சட்டம் வாக்கியத்தைத்தான் காக்கிறது, கருத்தை அல்ல. அந்த இடைவெளிக்குள் நுழைந்து ஒரு முழு இயங்குதளத்தையே கட்டிவிடலாம் என்று காட்டினார்கள். மறுவாசிப்பு மறுவாசிப்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது இதன் பக்கத்தில் கொஞ்சம் சோனியாகத்தான் தெரிகிறது.

பிறகு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. பாஸ்டிக்கும் மைக் கரெல்ஸும் கிர்க் மெக்குசிக்கும் உட்கார்ந்து கோப்பு கோப்பாகப் பார்த்து, கம்பெனியின் வாக்கியங்களைக் களைந்தார்கள். கடைசியில் சுலபத்தில் மாற்றி எழுத முடியாதவையாக 6 கோப்புகள் மிஞ்சின. அந்த ஆறையும் விட்டுவிட்டு, 1991 ஜூனில் மீதி முழுவதையும் வெளியிட்டார்கள். சீக்கிரமே அந்த 6 கோப்புகளையும் வேறொருவர், பில் ஜோலிட்ஸ், எழுதிச் சேர்த்தார். முழு இயங்குதளமும் கம்பெனியின் உரிமம் இல்லாமல் ஓடியது.

கம்பெனி சும்மா இருக்குமா? அந்த நிரலை எடுத்து விற்கத் தொடங்கிய பிஎஸ்டிஐ என்ற சிறு நிறுவனத்தின் மீது 1992இல் வழக்குப் போட்டது ஏடி அண்ட் டியின் துணை நிறுவனமான யூஎஸ்எல். பிறகு பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டது. (அந்தச் சிறு நிறுவனமும் லேசுப்பட்டதல்ல, யூனிக்ஸ் என்ற பெயர் வருகிற மாதிரி ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டு விளம்பரம் செய்தது.) பல்கலைக்கழகம் எதிர்வழக்குப் போட்டது. அதில்தான் வேடிக்கை: கம்பெனி தன் யூனிக்ஸுக்குள் பெர்க்லியின் நிரலை ஏராளமாக எடுத்துப் போட்டிருந்தது, உரிமம் கேட்ட ஒரே கூலியான பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. 1993இல் யூஎஸ்எல்லை நோவெல் வாங்கியது. 1994 தொடக்கத்தில் சமரசம். சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை 3. இன்னும் 70 கோப்புகளில் யூஎஸ்எல்லின் பதிப்புரிமை வாசகம் சேர்க்கப்பட்டது. இரண்டு வருடம் உலகத்தையே பயமுறுத்தி வைத்திருந்த வழக்கின் கனம் இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் பிஎஸ்டி பக்கம் போகப் பலர் தயங்கினார்கள். உரிம வழக்குகளின் உண்மையான வேலை தீர்ப்பில் நடப்பதில்லை, தயக்கத்தில் நடக்கிறது.

பெயர் மட்டுமே கூலி என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. சிற்றிதழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கூலி புதிதல்ல. ஆனால் நம் எழுத்தை எடுத்து யாரும் கோடி சம்பாதிப்பதில்லை. பெர்க்லி உரிமம், பெயரைக் காப்பாற்று, மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய் என்றது. 'என்ன வேண்டுமானாலும்' என்பதில் மூடி வைத்து விற்பதும் அடக்கம். ஆப்பிளின் இயங்குதளத்தில் பிஎஸ்டி நிரல் இருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் 4 ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்டது. பூட்டிலிருந்து விடுவித்த பிரதி, இன்னொருவருடைய பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு எதிர்வினையாகத்தான் ரிச்சர்ட் ஸ்டால்மனின் உரிமத்தை வாசிக்க வேண்டும். எம்ஐடியில் இருந்தவர். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தவர். ஈமாக்ஸ் என்ற தன் பதிப்பு நிரலில் ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய பகுதிகளைக் கையாண்டிருந்தார். காஸ்லிங் அதன் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட, அந்த நிறுவனம் வந்து நிறுத்தச் சொன்னது. ஸ்டால்மன் அந்தப் பகுதிகளையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதினார். இந்தச் சூட்டில் உருவானதுதான் 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமமாக முழு வடிவம் பெற்றது. எடு, மாற்று, விற்கவும் செய். ஆனால் நீ பெற்ற அதே உரிமையை உன்னிடமிருந்து பெறுகிறவனுக்கும் கொடு, மூலநிரலோடு கொடு. இதைப் பதிப்புரிமை ஒழிப்பு என்று நம் நண்பர்கள் சிலர் உற்சாகமாக எழுதுகிறார்கள். தப்பு. பதிப்புரிமை இல்லையென்றால் ஜிபிஎல்லுக்குப் பல்லே கிடையாது. ஆசிரியனைக் கொன்றுவிடவில்லை அது. அவனுடைய அதிகாரத்தைக் கடன் வாங்கி, அடுத்தவன் ஆசிரியனாக மாறி வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது.

லினக்ஸின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு உரிமம் உண்டு. யூனிக்ஸைப் பாடம் நடத்த முடியாமற்போனதால் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் தானே ஒரு சிறு இயங்குதளத்தை எழுதி, 1987இல் மூலநிரலோடு பாடநூலாக வெளியிட்டார்: மினிக்ஸ். ஆனால் அதன் உரிமம் பதிப்பகத்திடம். மாற்றி எழுதிய முழுப் பிரதியை நீங்கள் வெளியிட முடியாது. ஒரு பூட்டுக்கு எதிராக எழுதியதற்கு இன்னொரு சின்னப் பூட்டு. ஹெல்சிங்கியில் அதை வாங்கிப் படித்த லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தன் கெர்னலை வெளியிட்டார். முதலில் காசுக்கு விற்கக் கூடாது என்று அவரும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். 1992இல் அதை விட்டுவிட்டு ஜிபிஎல்லுக்கு வந்தார்.

அதே லினுஸ் 2002இல் செய்த காரியம் விசித்திரமானது. கெர்னலில் ஆயிரக்கணக்கானோர் செய்கிற திருத்தங்களைப் பதிவுசெய்து தொகுக்க பிட்கீப்பர் என்ற கருவியை எடுத்துக்கொண்டார். அது மூடிய மென்பொருள். இலவசம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: இதைப் பயன்படுத்துகிறவர்கள் இதற்குப் போட்டியான கருவியை உருவாக்குவதில் ஈடுபடக் கூடாது. யோசித்துப் பாருங்கள். உனக்கு இலவசமாகப் பேனா தருகிறேன், வேறு பேனா செய்ய நீ யாருக்கும் உதவக் கூடாது என்பது மாதிரி. வசதியாக இருக்கிறதே என்பது லினுஸ் தரப்பின் பதில். ஸ்டால்மன் தரப்பு கத்திப் பார்த்தது. 2005இல் ஆண்ட்ரூ டிரிஜெல் என்ற நிரலாளர், உரிமத்தை ஏற்காமலே, பிட்கீப்பர் சேவையகத்தோடு பேசிப் பார்த்தார். பெரிய சூழ்ச்சி ஒன்றுமில்லை. இணைப்பை ஏற்படுத்தி 'ஹெல்ப்' என்று தட்டினார், அது தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. நிறுவனம் கோபித்துக்கொண்டு இலவசத்தைப் பிடுங்கியது. லினுஸ் ஏப்ரல் முதல் வாரத்தில் உட்கார்ந்து கிட் என்ற சொந்தக் கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே அது தன்னைத் தானே பதிவுசெய்துகொண்டது, ஜூனில் கெர்னலின் அடுத்த பதிப்பு அதிலிருந்து வெளிவந்தது. இன்று நிரல் எழுதுகிறவர்களில் கிட் தெரியாதவர் அபூர்வம். பிட்கீப்பர் 2016இல் தன்னைத் திறமூலமாக அறிவித்துக்கொண்டபோது அதைச் சீந்த ஆளில்லை. லினுஸின் மேதைமைக்குச் சான்றாக இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் எடுத்துக்கொள்வது வேறு: வசதி என்ற சொல்லால் 3 வருடம் மூடிவைக்கப்பட்டிருந்த சார்பு, கொடுத்தவன் கையை இழுத்துக்கொண்ட அன்றுதான் சார்பாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

சமீபகாலச் சண்டைகளில் இந்தக் கையிழுப்பு உள்ளேயிருந்தே வருகிறது. மாங்கோடிபி 2018இல், எலாஸ்டிக் 2021இல், ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில், ரெடிஸ் 2024 மார்ச்சில் — திறமூலமாகப் பிறந்து, உலகெங்கும் உள்ளவர்களின் திருத்தங்களை வாங்கி வளர்ந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றாக உரிமத்தை மாற்றி, கட்டுப்பாடுள்ள உரிமங்களுக்குப் போயின. அவர்கள் சொல்கிற நியாயம் பொய்யல்ல. அமேசான் போன்ற கிளவுட் கம்பெனிகள் இந்த மென்பொருள்களை எடுத்துத் தம் கணினிகளில் ஓட்டி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன. எழுதிய நிறுவனத்துக்கு எதுவும் போவதில்லை. பிரதியை அவர்கள் யாருக்கும் 'கொடுப்பதில்லை' என்பதால் பழைய ஜிபிஎல்கூட அவர்களைத் தொடாது. சரி. ஆனால் அமேசானிடம் தோற்ற கோபத்தில் பூட்டப்பட்டது, வேறு யார் யாரோ எழுதித் தந்த வரிகளையும் சேர்த்து.

பதிலடி பழைய பாணியில்தான். கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்துக்கொண்டு கிளை பிரிவது. எலாஸ்டிக்கிலிருந்து ஓப்பன்சர்ச், ஹாஷிகார்ப்பின் டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸ் அறிவிப்பு வந்து எட்டே நாளில் வால்கீ. ஆனால் பாஸ்டிக்கின் காலத்தைப் போல் கிளையைச் சுமப்பவர்கள் பெயருக்கு எழுதிய தன்னார்வலர்கள் மட்டுமல்ல. ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியதே அமேசான்தான். வால்கீயின் பின்னால் அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன். விடுதலையின் கொடியை யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள்! இதைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று கையைக் கழுவுகிற மார்க்சிய நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிளை பிரிந்தது வேலை செய்தது: எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025 மேயிலும், வலை வழியாக ஓட்டுகிறவர்களையும் கட்டுப்படுத்துகிற ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திறமூலத்துக்குத் திரும்பி வந்தன. அமேசானின் நலனும் பொதுநலனும் இந்தத் தெருமுனையில் கொஞ்ச நேரம் சந்தித்துக்கொண்டன. அடுத்த முனையில் பிரியும்.

இந்தச் சண்டைகளில் எல்லோரும் எந்த உரிமம் நல்லது, பிஎஸ்டியா ஜிபிஎல்லா அப்பாச்சியா என்றே வாதாடுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உரிமத்தை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. ரெடிஸ் விஷயத்தில் பிஎஸ்டி உரிமத்தின் தாராளமே வழிவிட்டது. ஹாஷிகார்ப்பிலும் எலாஸ்டிக்கிலும், திருத்தம் அனுப்புகிற ஒவ்வொருவரும் முதலில் ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: நான் எழுதியதை நிறுவனம் வேறு உரிமங்களின் கீழும் வெளியிடலாம் என்று. வாசலில் திறமூலம் என்ற பலகை. உள்ளே நுழைகிறவனிடம் வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பலகையைக் கழற்றுவதற்கான சம்மதம். ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே பல ஆண்டுகள் தன் முக்கியத் திட்டங்களில் எழுத்துரிமையை எழுதி வாங்கியது. வழக்காட வசதி என்பது காரணம். நல்ல கைகளில்தானே இருக்கிறது என்பார்கள். ஒரே கையில் இருக்கிறது என்பதுதான் என் சங்கடம். அவர்களின் ஜிசிசி திட்டம் 2021இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

லினக்ஸ் கெர்னலில் அப்படி எதுவும் வாங்குவதில்லை. இதை எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புகிறவர் ஒரு வரியில் உறுதி சொன்னால் போதும். எழுதிய வரி எழுதியவருடையதாகவே, சம்பளத்துக்கு எழுதினால் அவர் நிறுவனத்துடையதாகவே இருக்கிறது. 1991இலிருந்து எழுதியவர்கள் பல ஆயிரம் பேர். உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் அவர்களின் வரிகளைக் களைந்துவிட்டு பாஸ்டிக் செய்த மாதிரி புதிதாக எழுத வேண்டும். சிலரின் முகவரி மாறிவிட்டது, சில நிறுவனங்கள் கைமாறிக் கைமாறி மறைந்துவிட்டன, சிலர் இறந்துவிட்டார்கள். ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. லினுஸுக்கே அது பிடிக்கவில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும்; பிடித்திருந்தாலும் அவர் ஒருவரால் ஆகிற காரியமில்லை. 'அல்லது பிந்திய பதிப்பு' என்ற சொற்கள் இல்லாத இரண்டாம் பதிப்பில்தான் கெர்னல் இன்றும் இருக்கிறது.